பனியன் பில்லுல நொய்யல் எங்கேங்க?

தீபாவளிக்கு வீடு நிறைய ஒறம்பரை. மழை வேறு. கட்டுத்தரை முழுக்கச் சேறு, ஆசாரத்தில் கொடி கட்டி ஈரத்துணி, அதற்கு நடுவில் குழந்தைகள் பட்டாசைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். நாலு நாளாக எழுத உட்கார முடியவில்லை. இன்றைக்குத்தான் கடைசி ஆளையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். மனசில் ஒரு முள் குத்திக்கொண்டே இருக்குதுங்க. அதை எடுத்துப் போட்டால்தான் அடுத்த சோலி ஓடும்.

என் தங்கச்சி பையன் பெங்களூரில் இருக்கிறார். பெரிய படிப்பு. கம்பெனிகளுக்கு யோசனை சொல்லும் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். நோம்பியன்றைக்கு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது போனில் ஒரு படம் காட்டினார். உலக வரைபடம். நாட்டுக்கு நாடு கோடு போட்டிருந்தது. சீனாவுக்கு வடக்கயிறு மாதிரி தடிமன், வியட்நாமுக்கு வண்டிக்கயிறு மாதிரி, நமக்குச் சாக்குத் தைக்கும் சணல் மாதிரி.

"இதுதான் மாமா உலக உற்பத்திச் சங்கிலி. ஒரு போன் செய்யோணும்னா பத்து நாட்டுல பத்து பாகம் செய்யறாங்க. துணியும் அப்படித்தான். அதுல நம்ம நாடு ஏன் பின்னால நிக்குதுன்னு கேளுங்க."

"நீங்களே சொல்லுங்க மாப்ளே."

"கூலி ஏறிப்போச்சு. சட்டம் ஜாஸ்தி. எதுக்கெடுத்தாலும் கோர்ட்டு. உங்க நொய்யல் கேஸையே எடுத்துக்குங்க. அந்த ஜீரோ டிஸ்சார்ஜ் செலவு பங்களாதேஷ்காரனுக்கு இருக்குதா? 2025ல அமெரிக்கா 50 சதவீத வரி வேற போட்டுட்டான். ஒரு ரெண்டு வருஷத்துக்காவது அந்த ரூலைத் தளர்த்துனா திருப்பூர் பொழைக்கும்."

பக்கத்தில் என் மச்சானும் உட்கார்ந்திருந்தார். பெருமாநல்லூர்ப் பக்கம் பன்னிரண்டு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுப்பவர். ஆகஸ்டிலிருந்து பாதி மிஷின் துணி போர்த்திக் கிடக்குது. அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் வந்தவர்களுக்கு மோர் ஊற்றிக்கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். நல்ல நாளும் அதுவுமாய்ப் பேசினால் சண்டையாகும். அதனால் இங்கே பேசுகிறேன். மாப்ளேவும் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்தான், படிக்கட்டும்.

எங்கள் தோட்டம் சென்னிமலைக்கும் காங்கயத்துக்கும் நடுவில், நொய்யல் கரையில். வண்டியில் கால் மணி நேரம் போனால் கொடுமணல். அங்கே தோண்டிய ஆராய்ச்சிக்காரர்கள் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய பட்டறைகளைக் கண்டுபிடித்தார்கள். கல்மணி அறுத்துத் துளைபோட்ட இடம், இரும்பு உருக்கிய உலை, பானை ஓட்டில் கீறிய பெயர்கள். மணி செய்ய நீலப்பச்சைக் கல் பக்கத்துப் படியூரிலிருந்து வந்தது. செய்த மணி பாலக்காட்டுக் கணவாய் வழியாக முசிறித் துறைமுகம் போய் ரோமாபுரிக்குக் கப்பலேறியது. பதிலுக்கு வந்த ரோமானியக் காசு இன்றைக்கும் கோவைச் சுற்றுவட்டத்தில் குழி தோண்டும்போது கிடைக்கிறது. பதிற்றுப்பத்திலேயே கொடுமணம் என்று இந்த ஊர் வருகிறது.

இதை ஊர்ப்பெருமைக்காகச் சொல்லவில்லை. மாப்ளேயின் படத்தில் நாடு நாடாகக் கோடு போட்டிருந்தது பாருங்கள், அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. நாடு எங்கேயும் போய்ச் சேர்வதில்லைங்க. ஒரு ஊர் போய்ச் சேருது. அந்த ஊரின் கல், கணவாய், கைவேலை, தண்ணி, அதெல்லாம் சேர்ந்துதான் போய்ச் சேருது. தில்லியில் கையெழுத்துப் போடுகிறார்கள், சரக்குப் போவது திருப்பூரிலிருந்து. அதனால் ஒரு நாடு ஏன் சங்கிலியில் இருக்கிறது, ஏன் இல்லை என்று கேட்டால் ஊரிலிருந்து பதில் தேட வேண்டும்.

திருப்பூர் எதனால் திருப்பூர் ஆனது? கூலி சல்லிசு என்பதாலா? அப்படியென்றால் கூலி சல்லிசாக இருந்த ஊர் இந்த நாட்டில் ஆயிரம் இருந்தது, அங்கெல்லாம் ஏன் பனியன் கம்பெனி வரவில்லை?

இங்கே கரிசல் இருந்தது. கிணறு இருந்தது. 1900களின் தொடக்கத்தில் கம்போடியா பருத்தி வந்தது, கிணற்றுத் தண்ணியில் நன்றாக விளைந்தது. என்ற அய்யன் காலம் வரைக்கும் ஊட்டுக்கு ஊடு பருத்திப் பொதி இருக்கும். 1888லேயே கோயமுத்தூரில் ஸ்டேன்ஸ் துரை நூல் மில் கட்டிவிட்டார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில் மேல் மில் முளைத்தது. அதே மின்சாரத்தில் கிணற்றுக்கு மோட்டார் வந்தது, மோட்டார் செய்யும் பவுண்டரி வந்தது, பவுண்டரியில் மிஷின் ரிப்பேர் கற்றவன் வந்தான். பஞ்சு, நூல், கரண்டு, மெக்கானிக் எல்லாம் ஒரு நாள் பயணத்துக்குள் அமைந்துபோனது. நாற்பது அம்பது வருஷம் உள்ளூருக்கு வெள்ளைப் பனியன் போட்டுப் பழகிய ஊருக்கு, 1970களின் கடைசியில் ஐரோப்பிய வியாபாரிகள் தேடி வந்தார்கள்.

காசு எங்கிருந்து வந்தது? பேங்கிலிருந்து கொஞ்சம், காட்டிலிருந்து நிறைய. நாலு ஏக்கர் மேட்டாங்காட்டை விற்றவன், மாமனார் சீரில் மிஷின் வாங்கியவன், பங்காளி கைமாத்தில் கடை போட்டவன் என்று எங்கள் பக்கத்து விவசாயக் குடும்பங்கள்தான் முதலாளி ஆனார்கள். ஷரத் சாரி என்ற ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கதையைக் கவுண்டர் வீட்டுக் கதையாக மட்டும் சொன்னால் பாதிக்கதை. அந்தக் காடுகளில் அதுவரைக்கும் பண்ணையம் செய்த மாதாரிமார் கூலிக்கும் வட்டியில்லாக் கைமாத்து யாரும் கொடுக்கவில்லை. அவர்கள் கைமடியாகத்தான் போனார்கள். அப்புறம் தென்மாவட்டத்துப் புள்ளைகள் மில் விடுதிகளுக்கு வந்தார்கள், சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்களகரமாக ஒரு பேர் வேறு. இன்றைக்கு பிகார், ஒடிசாப் பையன்கள். சங்கிலியில் யார் எந்தக் கண்ணி என்பதை ஊரின் பழைய கணக்கே தீர்மானித்தது.

இது முதல் கால். ரெண்டாவது கால் ரூல். மாப்ளே ரூல் ஜாஸ்தி என்று சொன்னது நம்ம ஊர் ரூலை. நான் சொல்வது வெளியூர்க்காரன் போட்ட ரூலை.

பங்களாதேஷ் உதாரணத்தையே எடுப்போம். பருத்தி அங்கே பேருக்குத்தான் விளைகிறது. பஞ்சும் நூலும் வெளியிலிருந்து வர வேண்டும், நம்ம நாட்டிலிருந்தும் போகிறது. அப்புறம் எப்படிச் சீனாவுக்கு அடுத்த வரிசையில் நிற்கிறார்கள்? 1974லிருந்து துணி வியாபாரத்துக்குக் கோட்டா என்று ஒன்று இருந்தது. எந்த நாடு எத்தனை டஜன் சட்டை அனுப்பலாம் என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் அளந்து கொடுத்தன. தென் கொரியாவுக்கு அளவு நிறைந்துபோனதும், அங்கிருந்த டேவூ கம்பெனி கோட்டாவின் தொந்தரவு இல்லாத நாட்டைத் தேடியது. 1978ல் பங்களாதேஷின் தேஷ் கார்மென்ட்ஸோடு ஒப்பந்தம் போட்டது. அடுத்த வருஷம் 130 பேரைக் கொரியாவின் புசானுக்குக் கூட்டிப்போய் வேலை கற்றுக்கொடுத்தது. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு வேறு வேறு கம்பெனிகளுக்குப் போய் அந்த வித்தையைப் பரப்பினார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் கதவு திறந்தது கோட்டாவால்.

கோட்டா 2004 டிசம்பரோடு முடிந்தது. அதற்குள் ஐரோப்பா வேறொரு கதவைத் திறந்திருந்தது. ரொம்பவும் ஏழை நாடு என்ற கணக்கில் 2001லிருந்து பங்களாதேஷ் துணிக்கு அங்கே வரி கிடையாது. நம்ம பனியனுக்கு 2025ல் ஏறத்தாழ 10 சதவீதம் இருந்தது. ஒரு பனியனில் பத்து சதவீதம் என்பது லாபத்தையே விழுங்கிவிடும் காசு. இலங்கைக்கும் இந்த மாதிரி ஒரு சலுகை இருந்தது. 2010ல் மனித உரிமைக் காரணம் சொல்லி ஐரோப்பா அதை நிறுத்தியது, 2017ல் திரும்பக் கொடுத்தது. அந்த ஏழு வருஷத்தில் கட்டுநாயக்காவில் தையல் மிஷின் மிதித்த புள்ளை கை மெதுவாகிவிட்டதா என்ன? அவள் அதே வேகத்தில்தான் தைத்தாள். மேலே வரி மாறியது, அவ்வளவுதான்.

2025ஆம் வருஷத்துக் கதை உங்களுக்கே தெரியும். ஆகஸ்ட் 7ல் அமெரிக்கா நமக்கு 25 சதவீதம் போட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27ல் இன்னொரு 25. பருத்திப் பனியனுக்கு ஏற்கெனவே இருந்த 16.5 சதவீதம் அதற்குக் கீழே தனியாக உட்கார்ந்திருந்தது. பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது 20 தான். திருப்பூர் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போவது. எண்ணெய் வாங்கியது யாரோ, மிஷினுக்குத் துணி போர்த்தியது என் மச்சான்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு, "நீங்க நொய்யல் நொய்யல்னு கேஸ் போட்டதாலதான் பின்னால நிக்கிறோம்" என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வருதுங்க மாப்ளே.

சிரிப்புக்கு அப்புறம் கோபமும் வருது. ஏனென்றால் மூணாவது கால் ஒன்று இருக்கிறது, அது உங்கள் படத்தில் இல்லவே இல்லை. சங்கிலியில் சேர யாரோ ஒருத்தர் பில்லில் வராத செலவை ஏற்க வேண்டும். எங்கள் ஊரில் அதை ஏற்றது ஆறு.

சாயம் பருத்தியில் பிடிக்க உப்புப் போட வேண்டும். கொஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. வேலை முடிந்ததும் சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு அத்தனையும் தண்ணியோடு வெளியே வரும். பழைய விஞ்ச் மிஷின் காலத்தில் ஒரு கிலோ துணிக்கு நூறு லிட்டருக்கும் மேல் தண்ணி பிடிக்கும். 80களிலும் 90களிலும் எழுநூறு சொச்சம் சாயப்பட்டறை, சலவைப்பட்டறைத் தண்ணியும் ஓடைகள் வழியாக நொய்யலுக்கு வந்தது. அன்றைக்கு என்ன கலர் ஆர்டர் என்று ஆற்றைப் பார்த்தே சொல்லலாம் என்று ஊரில் கேலி பேசுவோம். கேலி பேசிய வாய் அப்புறம் மூடிக்கொண்டது.

எங்கள் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். 1992ல் வேலை முடிந்தது. 10,000 ஏக்கருக்கு மேல் பாசனம் என்று சொன்னார்கள். அணையில் முதல் தண்ணி நின்ற அன்றைக்கு என்ற ஆத்தா தேங்காய் பழம் கொண்டுபோய்க் கற்பூரம் காட்டிவிட்டு வந்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அஞ்சாறு வருஷத்துக்குள் அந்த அணை சாயக்கழிவுத் தொட்டி ஆகிவிட்டது. மேலே நின்றால் நாத்தம். பாசனத்துக்குத் திறக்காதே என்று பாசன விவசாயிகளே கேட்ட அணை உலகத்தில் வேறெங்கும் உண்டா என்று எனக்குத் தெரியாது, எங்கள் ஊரில் உண்டு.

தேங்கிய உப்புத்தண்ணி கசிந்து கிணறுகளுக்கு வந்தது. எங்கள் கிணற்றில் 2003ல் டிடிஎஸ் பார்த்தபோது 5,200. குடிக்கிற தண்ணிக்கு 500க்குள் இருந்தால் நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரைக்கும் பொறுக்கலாம் என்பது அரசாங்கத் தரம். முதலில் மஞ்சள் போச்சு. அப்புறம் வாழை. தென்னையில் மட்டை நுனி கருகி, குரும்பை கொட்டி, கடைசியில் மொட்டை மரமாக நின்றது. மண் வெயிலில் வெள்ளை பூத்தது. மாடு தொட்டியில் மூக்கை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும் பாருங்கள், அந்தப் பார்வைக்கு எந்தக் கோர்ட்டிலும் நட்ட ஈடு இல்லை. நாற்பது தென்னை வெட்டினோம். அய்யன் வெட்டுகிற அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமே வரவில்லை.

எங்கள் ஆட்கள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. திருப்பூரைச் சுற்றிக் கிணற்றுத் தண்ணியை லாரி லாரியாகச் சாயப்பட்டறைக்கு விற்றவர்களும் விவசாயிகள்தான். இலவசக் கரண்டில் இறைத்து, காசுக்கு விற்றார்கள். வெள்ளாமையைவிட அதில் வருமானம் அதிகம். விவசாயி மகன் பட்டறை வைத்தான், இன்னொரு விவசாயி தண்ணி விற்றான், மூன்றாவது விவசாயி காட்டில் கழிவு பாய்ந்தது. மூணு பேரும் ஒரே கோயில் பொங்கலுக்குத்தான் போகிறோம்.

அதற்கப்புறம்தான் கேஸ். நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. 2006ல் தீர்ப்பு, 2009ல் உச்ச நீதிமன்றமும் கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்றது. பாலாற்றுத் தோல் ஷாப்புகளுக்கு 1996ல் சொன்ன அதே நியாயம். அங்கேயும் கதை இதுதான்: ஷூ ஐரோப்பாவுக்கு, கழிவு பாலாற்றுக்கு. சொன்னபடி செய்யாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அன்றைக்கு எங்களைத் திட்டாத ஆள் இல்லை. வேலை போன சாயப்பட்டறைப் பையன் ஒருத்தன் எங்கள் ஊர் பேக்கரியில் என் முகத்துக்கு நேராகவே கேட்டான், "உங்க தென்னைக்கு என்ற சோறு போகோணுமாங்க?" என்று. எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்வி நியாயமில்லை என்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். அவனையும் என்னையும் எதிரெதிரே நிறுத்தி வைத்தது எது என்பதுதான் என் கேள்வி.

சரி, ஆறு ஜெயித்ததால் திருப்பூர் செத்ததா? மூடிய காலத்தில் திருப்பூரின் ஏற்றுமதி வருஷத்துக்கு ஏறத்தாழ 12,000 கோடி ரூபாய். 2024-25ல் 44,000 கோடிக்கும் மேல். ரூபாய் மதிப்பு குறைந்ததைக் கழித்தாலும் இது செத்த ஊரின் கணக்கு இல்லை. இடையில் என்ன நடந்தது? பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை மாற்றிக் கட்டினார்கள். வடிகட்டி, சவ்வூடு பரவல், கடைசியில் எவாப்பரேட்டரில் காய்ச்சி உப்பைத் தனியே எடுத்து அந்த உப்பையே திரும்பச் சாயத்துக்குப் போடுகிறார்கள். தண்ணியையும் திரும்ப ஓட்டுகிறார்கள். குறை இல்லாமல் இல்லை. மழை பெய்யும் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் திறந்துவிடும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஆற்றில் நுரை இன்னும் வருது. ஆனால் இவ்வளவு பெரிய துணி ஊர் இந்தமாதிரி தண்ணியைத் திருப்பி ஓட்டக் கற்றது சாதாரண விஷயம் இல்லைங்க. அதைச் செய்தவர்களும் திருப்பூர்க்காரர்கள்தான். அவர்களுக்கு என் கும்பிடு.

அவர்கள் வருத்தமும் எனக்குத் தெரியும். சாயப்பட்டறை நடத்தும் நண்பர் ஒருத்தர் சொன்னார்: "பையர் வர்றான். பிளாண்ட்டைச் சுத்திக் காட்டச் சொல்றான். போட்டோ எடுக்கறான். அவன் கடையில பச்சை இலை போட்ட லேபிள் தொங்க விடறான். விலைன்னு வரும்போது மட்டும், பங்களாதேஷ்ல இந்த ரேட், நீங்க எப்படின்னு கேக்கறான்." தண்ணியைச் சுத்தம் செய்யும் செலவு பனியன் ஒன்றுக்கு எவ்வளவு வரும் என்று கேட்டேன். ஒரு டீ விலைகூட வராதுங்க என்றார். ஒரு டீ விலை! அமெரிக்காவில் பல நூறு ரூபாய்க்கு விற்கும் பனியனில் ஒரு டீ விலையை யார் தலையில் கட்டுவது என்ற சண்டையில்தான் எங்கள் நாற்பது தென்னையும் போனது.

பங்களாதேஷில் அந்தச் செலவு வேறு இடத்தில் விழுந்தது. 2013 ஏப்ரலில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள். விரிசல் விட்ட சுவரைப் பார்த்துப் பயந்தவர்களை உள்ளே போய் வேலை செய்யச் சொன்னார்கள். அவர்கள் உயிரில் மிச்சம் பிடித்தார்கள், இங்கே ஆற்றில் மிச்சம் பிடித்தார்கள். ரெண்டு பில்லிலும் அது ஏறவே இல்லை. இதற்குப் பேர் போட்டி போடும் திறமை என்றால், அந்தத் திறமையில் நாம் பின்னால் நிற்பதே மேல்.

இந்தத் தடவை ஆற்றுக்கு முன்னாலேயே இன்னொருத்தன் தலையில் பாரம் ஏற்றியாகிவிட்டது. அமெரிக்க வரி வந்த சூட்டில், 2025 ஆகஸ்ட் 19லிருந்து பஞ்சு இறக்குமதி வரி 11 சதவீதத்தையும் மத்திய அரசு நீக்கியது. முதலில் செப்டம்பர் வரைக்கும் என்றார்கள், அப்புறம் டிசம்பர் கடைசி வரைக்கும். மில்காரர்களுக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்டோபரிலிருந்துதான் குஜராத், மகாராஷ்டிரா, தெலங்கானாவில் புதுப் பஞ்சு சந்தைக்கு வரும். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்தால் உள்ளூர் விலை என்ன ஆகும்? நீண்ட இழைப் பஞ்சுக்கு 2025-26ல் ஆதார விலை குவிண்டாலுக்கு 8,110 ரூபாய் என்று போட்டார்கள். அது கைக்கு வர வேண்டுமென்றால் கொள்முதல் மையத்தில் ஈரப்பதம் பார்த்து, வரிசையில் நின்று, விதர்பாக்காரன் நம்மை மாதிரியே அல்லாட வேண்டும்.

உள்ளே வரும் பஞ்சில் அமெரிக்கப் பஞ்சும் உண்டு. அதற்கு அவர்கள் அரசாங்கம் கொடுத்த மானியம் தப்பு என்று பிரேசில் உலக வர்த்தக அமைப்பில் கேஸ் போட்டு ஜெயித்தது. 2014ல் 30 கோடி டாலர் கொடுத்துக் கேஸை முடித்துக்கொண்டார்கள். பிரேசிலுக்குத் தட்டிக் கேட்கத் தெம்பு இருந்தது, வாங்கிக்கொண்டது. அவர்களுடைய மானியம் கொள்கை. எங்கள் மோட்டார் கரண்டு மட்டும் உங்களுக்கு ஓசி.

அதனால் மாப்ளே, உங்கள் படத்துக்கு என் பதில் இதுதான். ஒரு நாடு சங்கிலியில் எங்கே நிற்கிறது என்பதை ஊரில் ஏற்கெனவே இருந்த பொருளும் வித்தையும் தீர்மானிக்குது, பெரிய நாடுகள் போடும் வரியும் சலுகையும் தீர்மானிக்குது. இந்த ரெண்டையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நெருக்கடியிலும் எல்லோருடைய கையும் மூணாவதைத் தேடிப் போகுது. வாயில்லாதவன் மேல் செலவைத் தள்ளு. ஆறு, கிணறு, கைமடிப் புள்ளை, பருத்திக்காரன். இதைத்தான் நீங்கள் தளர்வு என்று சொல்கிறீர்கள்.

நெருக்கடி நிஜம். உதவி வேண்டும். வட்டியைத் தள்ளி வையுங்கள், வேலை நின்ற தொழிலாளிக்குக் கஜானாவிலிருந்து சம்பளத்துக்கு ஒத்தாசை செய்யுங்கள், சுத்திகரிப்பு நிலையத்தின் கரண்டு பில்லில் பாதியை அரசாங்கம் ஏற்கட்டும். நாட்டுக்கு டாலர் வருகிறதென்றால் நாடு கொடுக்கட்டும். நொய்யல் மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? 2025 ஜூலை 24ல் இங்கிலாந்தோடு ஒப்பந்தம் போட்டார்கள், நம்ம துணிக்கு அங்கே வரி இருக்காது என்று திருப்பூரில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். இனிமேல் போடும் ஒப்பந்தங்களில் வரியைப் பேசும்போதே இந்தத் தண்ணிச் செலவையும் பேசட்டும். பையர் கொடுக்கும் பில்லில் துணிக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு என்று இருப்பது மாதிரி, தண்ணியைச் சுத்தம் செய்ய இவ்வளவு என்று தனியாக ஒரு கணக்கு இருக்கட்டும். அதில் பேரம் கிடையாது என்று திருப்பூரும் டாக்காவும் சேர்ந்து சொன்னால் யார் எங்கே ஓடுவான்? இதை நடக்காத காரியம் என்பீர்கள். சாயத்தண்ணியிலிருந்து உப்பைப் பிரித்துத் திரும்பச் சாயத்துக்கே போடுவதைக்கூட 2005ல் நடக்காத காரியம் என்றுதான் சொன்னார்கள்.

சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று வெளியூரிலிருந்து படிக்கிற உங்களுக்கும் ஒன்று. "விவசாயி பாவம்" என்று பின்னூட்டம் போட வேண்டாம். நீங்கள் போட்டிருக்கும் பனியனும் இதே பட்டறையில் சாயம் ஏறியதுதான். 150 ரூபாய்க்கு ரெண்டு கிடைத்தால் எப்படிக் கிடைக்குது என்று ஒரு நிமிஷம் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது. கேட்டுக்கொண்டே இருந்தால் தெரிந்துகொள்ளப் பார்ப்பார்.

மச்சான் இன்றைக்குக் காலையில் கிளம்பும்போது, "மாமா, ரூலைத் தளர்த்துனாலும் எனக்கு ஆர்டர் வராதுங்க. அமெரிக்காக்காரன் வரிக்குப் பயந்துதானே நிறுத்தியிருக்கறான், தண்ணிக்குப் பயந்தா நிறுத்துனான்?" என்றார். நான் இவ்வளவு வார்த்தையில் சொன்னதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வண்டியை உதைத்துக் கிளம்பிவிட்டார்.

மாப்ளே, பொங்கலுக்கு வாங்க. ஒரத்துப்பாளையம் அணை மேல் கூட்டிப்போகிறேன். டிடிஎஸ் மீட்டர் என்னிடம் இருக்குது, நம்ம கிணற்றிலும் விட்டுப் பார்க்கலாம். பதினாலு வருஷத்துக்கு அப்புறம் போன மாதம் 2,300 காட்டியது. வெட்டிய இடத்தில் புதுசாகப் பன்னிரண்டு தென்னங்கன்று வைத்திருக்கிறேன். மூணு பட்டுப்போச்சு, ஒன்பது நிற்குது.

மழை விட்ட மாதிரி தெரியுது. மாட்டைப் பிடித்துக் கட்டோணும். வர்றனுங்க.